அச்சுப்பொறியும் அதன் முகவரியும்

ஓர் அலுவலகத்திற் பலருக்கும் பொதுவாயுள்ள அச்சுப்பொறி இயங்காதொழியுமாயின், அதனால் விளையுந் துன்பம் அவ்வலுவலகத்தாரோடு அமைந்துவிடுவதில்லை. சான்றிதழ் பெற வந்த முதியவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். மறுநாட் பரீட்சைக்குரிய வினாத்தாள் கணினிக்குள்ளேயே கிடக்கிறது. அவ்வேளையில் யாவரும் பொறியையே நோகின்றனர். புதியதொன்றை வாங்கவுஞ் சிலர் முற்படுகின்றனர். ஆயின், பல வேளைகளிற் பழுது பொறியில் இருப்பதில்லை. கணினிக்கும் பொறிக்கும் இடைப்பட்ட வழியிலேயே இருக்கிறது.

ஒரு பொறியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் முறையின் தொடக்க வரலாற்றில், அமெரிக்காவிலுள்ள ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுநிலையம் சிறப்பிடம் பெறுகிறது. அங்கே காரி ஸ்டார்க்வெதர் 1971 ஆம் ஆண்டில் லேசர் அச்சுப்பொறியை அமைத்தார். 1973 இல் ரொபேட் மெற்காஃப் ஈதர்நெற் என்னும் வலையமைப்பு முறையை வகுத்தார். கணினிகளை லேசர் அச்சுப்பொறியோடு இணைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

வலையமைப்பிற் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் எண்களாலான ஐ.பி. முகவரி ஒன்றுண்டு. சிறிய அலுவலகங்களில் ரவுட்டர் என்னுங் கருவியே அதனை வழங்குகிறது. அது நிலையான உரிமையன்று. குறித்த காலத்துக்குக் கொடுக்கும் குத்தகை போன்றது. மின்சாரம் தடைப்பட்டு மீண்டபின் பொறிக்கு வேறொரு முகவரி கிடைத்தல் கூடும். கணினியோ பழைய முகவரிக்கே கட்டளையை அனுப்பிக்கொண்டிருக்கும். வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் எழுதிய கடிதத்தின் கதியே அதற்கும் நேர்கிறது.

ஆகவே, குறையைத் தேடுவோர் பொறியிலிருந்து தொடங்கிக் கணினியை நோக்கி ஒழுங்காகச் செல்லுதல் வேண்டும். முதலிற் பொறியின் பட்டியலிலிருந்தே அதன் வலையமைப்பு விவரத்தாளை அச்சிடுதல் நன்று. அத்தாள் செவ்வனே வெளிவரின், மையும் தாளும் இயந்திரமுங் குற்றமற்றவை என்பது தெளிவாகும். அதிற் காணும் முகவரி 169.254 எனத் தொடங்குமாயின், பொறிக்கு ரவுட்டர் முகவரி வழங்கவில்லை என்பது பெரும்பாலும் பொருள். அப்போது கம்பியையோ வைஃபை கடவுச்சொல்லையோ சோதித்தல் வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்கும் பொறிகள் பல உள. 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அவற்றுக்குப் புலப்படாது. விருந்தினர்க்கென ஒதுக்கிய வைஃபையிற் கணினி சேர்ந்திருப்பினும், பொறி அதற்கு எட்டாமற் போகலாம்.

முகவரி சரியாயின், கணினியிலிருந்து பிங் என்னுங் கட்டளையால் அம்முகவரியை அழைத்துப் பார்க்கலாம். மறுமொழி வருமாயின் வழி திறந்துள்ளது. அதன்பின், கணினியிற் பதிவாகியுள்ள போர்ட் விவரம் அதே முகவரியைக் காட்டுகிறதா என ஒப்பிடுதல் வேண்டும். மாறுபாடு காணின் அதனைத் திருத்துவதோடு, அப்பொறிக்கே அம்முகவரியை ரவுட்டரில் ஒதுக்கிவைப்பது நிலையான பரிகாரமாகும். முகவரி ஒத்திருந்தும் அச்சு வெளிவராவிடின், அச்சு வரிசையிற் சிக்கிய பழைய கட்டளையை நீக்கி, ஸ்பூலர் என்னுஞ் சேவையை மீளத் தொடங்கிப் பார்க்கலாம்.

இறுதியிலேயே டிரைவர் என்னும் மென்பொருளை மீண்டும் நிறுவ நினைக்க வேண்டும். 2021 ஆம் ஆண்டில் விண்டோஸ் ஸ்பூலரிற் பாரதூரமான பாதுகாப்புக் குறைபாடொன்று வெளிப்பட்டது. பிரின்ற் நைட்மெயார் என அழைக்கப்பட்ட அதன் வழியாக, பிறர் ஒரு கணினியைத் தம் வசமாக்குதல் இயல்வதாயிருந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மைக்ரோசொஃப்ற் நிறுவனம், வலையமைப்பிலுள்ள அச்சுச் சேவையகத்திலிருந்து டிரைவரை நிறுவுவதற்கு நிருவாகியின் அனுமதி வேண்டுமென விதியை மாற்றியது. ஆதலின், அனுமதி கேட்கும் அறிவிப்பைப் பழுதெனக் கருதி அக்காவலைத் தளர்த்துதல் ஆபத்தாகும். ஒரு தாளை அச்சிடுவதற்காக அலுவலகத்தின் கதவையே திறந்துவிடுவதற்கு அது ஒப்பாகும்.

கண்டதையெல்லாம் ஒரே வேளையில் மாற்றுவோர், எதனாற் குறை நீங்கியது என்பதை அறியார்; மறுமுறையும் இடர்ப்படுவர். ஒன்றை மாற்றிப் பயனைக் கண்டபின் மற்றதை நாடுவோரே நோயின் மூலத்தை உணர்வர். பொறியின் முகவரியை ஒரு சிறு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தால், அடுத்த முறை அலுவலகத்தார்க்குப் பெரும்பொழுது மிஞ்சும். சான்றிதழுக்குக் காத்திருக்கும் முதியவரும் வெறுங்கையுடன் திரும்ப நேராது.