படிக்கிற பிள்ளை சம்பாதிக்கலாமா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் கணக்காளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "மக காலேஜ் போய்க்கிட்டே வேலைக்கும் போறேங்குது, விடலாமா?" என்று கேட்டாங்க. ஆளுக்கு ஒரு பதில் சொன்னோம். நேரம் ஆயிருச்சு, தீர்மான நோட்டில் ஒண்ணும் ஏறலை. அன்னைக்கு விட்டுப்போனதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

படிக்கிறப்பவே சம்பாதிச்ச பிள்ளை என்றால் நம்ம கரையில் எல்லாரும் கலாம் ஐயாவைச் சொல்லுவோம். பேப்பர் போட்டார், பெரிய ஆளானார் என்று ரெண்டே வரியில் முடிச்சிருவோம். அவர் அக்னிச் சிறகுகள் புத்தகத்தில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் நின்னு பாருங்க.

1939-ல் உலகப் போர் வந்தப்ப அவருக்கு எட்டு வயசு. திடீர்னு புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்திருச்சு. ஏன் என்று அவருக்கே கடைசி வரை விளங்கலையாம். நாம தாயம் ஆட வச்சிருக்கிற அதே கொட்டைதான். நாளெல்லாம் பொறுக்கிப் பள்ளிவாசல் தெருக் கடையில் கொடுத்தால் ஒரு அணா. அப்புறம் போர் காரணமாக ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை நிறுத்திட்டாங்க. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில், ஓடுற ரயிலில் இருந்து பேப்பர் கட்டைத் தூக்கி எறிவாங்க. ஊருக்கே பேப்பர் விநியோகம் செய்தவர் அவருடைய உறவுக்கார அண்ணன் சம்சுதீன். கட்டைப் பிடிக்க அவருக்கு ஒரு கை வேணும். அந்தக் கைதான் கலாம் ஐயா. அந்த முதல் சம்பளத்தின் பெருமை ஐம்பது வருஷம் கழிச்சும் அவருக்கு மறக்கலை.

இதில் நான் கவனிச்சது வேற. விடியுமுன்னே எழுந்து கணக்கு டியூஷன் போயிருக்கார். எழுப்பி அனுப்பினது அவங்க அம்மா. அந்த வேலை பள்ளிக்கூட மணியைத் தின்னலை. அதுதான் விஷயம்.

என் கதை அப்படியில்லை. எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. மண்டபம், பாம்பன் பக்கத்து அக்காமாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாசம் பன்னிரண்டு நாள்தான் போறது. பத்தாவது படிக்கிறப்ப நானும் கூடப் போனேன். விரலில் துணி சுத்தி, கண்ணாடி மாட்டி, அம்மாவுக்குச் சமமா எடுப்பேன். கையில் காசு நின்னுச்சு, எனக்கும் பெருமைதான். ஆனா கடல் தண்ணி ஞாயிற்றுக்கிழமை பார்த்தா வத்துது? மாசத்தில் ஏழெட்டு நாள் பள்ளிக்கூடம் போகலை. கணக்குப் பரீட்சையில் போயிட்டேன். யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன், அன்னைக்கு வீட்டு நிலைமை அப்படி. திருப்பி எழுதித்தான் பாஸானேன்.

காலேஜில் சேர்ந்தப்ப வேற வேலை கிடைச்சுது. 1989-ல் தர்மபுரியில் ஆரம்பிச்ச குழுத் திட்டம், அப்புறம் நம்ம மாவட்டத்துக்கும் வந்து வேர் பிடிச்சிருந்த காலம். அம்மா குழுவில் எழுதத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. "நீ எழுது, மாசம் 50 ரூபாய் தர்றோம்" என்றாங்க. அப்புறம் பக்கத்துத் தெருக் குழு, அதுக்கப்புறம் இன்னொண்ணு. மூணு குழு, 150 ரூபாய். எல்லாம் சாயங்காலக் கூட்டம். என் பஸ் பாஸும் நோட்டும் அதில்தான்.

ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். ஒரு பெரியம்மா 5,000 கடன் வாங்கி 1,000 கட்டியிருந்தாங்க. நூத்துக்கு ரெண்டு வட்டி. நான் பேரேட்டில் 100 ரூபாய் வட்டி எழுதிட்டேன். கைநாட்டு வைக்கிற அந்தப் பெரியம்மா விரலை மடக்கிக்கிட்டே, "ஏத்தா, நான் வச்சிருக்கிறது நாலாயிரம்தானே, எம்பதுதானே வரும்?" என்று கேட்டாங்க. இருபது ரூபாய் தப்பு. கூட்டமே என்னைப் பார்க்குது. மீதிக் கடனுக்குத்தான் வட்டி என்பதை அன்னைக்குக் கத்துக்கிட்டது இன்னைக்கு வரை சோறு போடுது.

இப்ப உள்ள பிள்ளைகளுக்கு வேலை போனில் வருது. பயமும் அங்கேதான். "வீட்டிலிருந்தே பார்ட் டைம், வீடியோவுக்கு லைக் போட்டா காசு" என்று செய்தி வரும். முதலில் நூறு, நூத்தம்பது நிஜமாவே போடுவான். அப்புறம் நீ பணம் கட்டு, பெரிய வேலை தர்றேன் என்பான். இன்னொண்ணு இதைவிட மோசம்: "உன் பேங்க் அக்கவுண்டை மட்டும் கொடு, மாசாமாசம் வாடகை தர்றேன்." நம்ம உறுப்பினர் ஒருத்தர் மகன், காலேஜ் பையன், ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் கொடுத்துட்டான். எவனையோ ஏமாத்தின பணம் அவன் கணக்கு வழியாப் போயிருக்கு. கணக்கை முடக்கிட்டாங்க. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் வர்ற 1,000 ரூபாயும் அதிலேயே மாட்டிக்கிச்சு. அந்த அம்மா போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்த நடை எனக்குத் தெரியும். வேலை கொடுக்கிறவன் நம்மகிட்ட பணம் கேட்டாலே அது வேலை இல்லை. பணம் போயிருச்சுன்னா அழுதுக்கிட்டு இருக்காம உடனே 1930-க்குப் போன் போடுங்க.

சின்னப் பிள்ளைகளைப் பத்தி ஒரு வார்த்தை. 2016-ல் திருத்தின சட்டப்படி 14 வயசுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுத் தொழிலில் கூடமாட உதவலாம், அதுவும் ஆபத்தில்லாத வேலையா இருக்கணும். கலாம் ஐயா எட்டு வயசில் செய்தாரே என்று நம்ம பிள்ளையைக் கருவாட்டுக் கம்பெனிக்கு அனுப்ப முடியாது.

அப்புறம் அந்தக் காசு யாருக்கு? இது கொஞ்சம் கசக்கும். பையன் சம்பாதிச்சா அவன் செலவுக்கு. பொம்பளைப் பிள்ளை சம்பாதிச்சா வீட்டுக்கு, இல்லேன்னா அவ கல்யாணச் சீட்டுக்கு. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இது இல்லை? கலாம் ஐயா சென்னை எம்.ஐ.டி.யில் சேர அன்னைக்கு ஆயிரம் ரூபாய் போல வேணும். பேப்பர் காசெல்லாம் அதுக்குக் காணுமா? அவங்க அக்கா ஜொகரா வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சாங்க. தம்பி படிப்புக்கு அக்கா வளையல் போச்சு, சந்தோஷம். தங்கச்சி படிப்புக்கு யார் வளையலைக் கழட்டுறது? அதனால்தான் சொல்றேன், மக கொண்டாற காசு அவ பேரில் உள்ள கணக்கில் கிடக்கட்டும். பத்து வயசு ஆனாலே தானே கையெழுத்துப் போட்டு சேமிப்புக் கணக்கு நடத்த பேங்கில் வழி இருக்கு. புதுமைப் பெண் பணம் வாங்குற பிள்ளைகளுக்குக் கணக்கு ஏற்கெனவே இருக்கு. பரீட்சைக் கட்டணம் வர்ற அன்னைக்கு அவ யாரையும் கேட்டு நிக்க வேண்டாம்.

நான் கொண்டு வர்ற தீர்மானம் இதுதான். எந்தெந்தக் குழுவில் கணக்கு எழுத ஆள் இல்லையோ, அங்கே உறுப்பினர்களின் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கணும். சும்மா எழுதச் சொல்லக் கூடாது, எழுத்துக்கூலியைக் குழு பேசி, தீர்மானத்தில் ஏத்தி, அந்தப் பிள்ளை கணக்கில் போடணும். பரீட்சை மாசத்தில் நான் எழுதித் தர்றேன், கூலி அவளுக்கே. பனையோலைக் கொட்டான் முடையிற குழுக்களும் ஆர்டர் கணக்கு, போனில் படம் எடுத்துப் போடுற வேலையை இப்படியே கொடுக்கலாம்.

கேள்வி கேட்ட அக்கா மூணாவது வரிசையில் இருக்காங்க. அவங்க மக பி.காம். ரெண்டாம் வருஷமாம். எங்க தெருக் குழுவுக்கு அடுத்த மாசத்திலிருந்து எழுத ஆள் வேணும், கூட்டம் ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணி. கூட்டிட்டு வாங்கக்கா.