சித்தசுவாதீனம் உள்ளபோதே எழுதி வையுங்கள்

(மொரப்பூர் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாவைப் பற்றியதல்ல. சாவதற்கு முன்பே புத்தி கலங்கிவிட்டால் நம் கதி என்ன என்பதைப் பற்றியதாகும். "இதென்ன அபசகுனப் பேச்சு?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசாமலிருந்தால் மறதி நோய் வராதா? பக்கவாதம் வாசலோடு திரும்பிப் போய்விடுமா? கண்ணையும் பல்லையும் போல மூளையும் ஓர் உறுப்புத்தானே! கண்ணில் புரை விழுந்தால் டாக்டரிடம் போகிறோம். மூளைக்குக் கேடு வந்தால் மட்டும் பேய் என்றும் கிரகம் என்றும் சொல்லிப் பூசாரியைத் தேடுவானேன்?

இந்த மூடநம்பிக்கையின் பலன் என்ன? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றி, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். தர்காவின் மகிமையால் குணமாகும் என்று நம்பி நோயாளிகளை அவ்வூரில் கொண்டுவந்து விட்டவர்கள் சொந்த உறவினரே. "உனக்கு எங்கே வைத்தியம் வேண்டும்?" என்று அந்நோயாளிகளைக் கேட்டவர் யார்?

நிற்க, சொத்து விஷயத்தைப் பார்ப்போம். "உயில் எழுதியிருக்கிறோமே" என்பீர்கள். உயில் செத்த பிறகுதான் பேசும். "மகனுக்குப் பவர் கொடுத்திருக்கிறோமே" என்பீர்கள். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவின்படி, கொடுத்தவருக்குச் சித்தசுவாதீனம் போனால் பவரும் போய்விடுகிறது. எப்பொழுது தேவையோ அப்பொழுது அது செல்லாது! இவ்வூரிலிருந்து தர்மபுரிக்கு ஓடிய சின்ன ரயிலை 1941-ல் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பழைய டிக்கெட்டை நீட்டினால் வண்டி வந்திருக்குமா?

கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்கச் சென்னையில் ஓர் அம்மையார் ஐகோர்ட்டுக்குப் போனார். சிவில் கோர்ட்டுக்குப் போகும்படி தனி நீதிபதி சொல்லிவிட்டார். 2024-ல் அப்பீலில்தான் இரு நீதிபதிகள் அவரையே கார்டியனாக நியமித்து, கணவர் பேரில் 50 லட்சம் ரூபாய் டிபாசிட் செய்யவேண்டுமென்ற நிபந்தனையோடு விற்க அனுமதித்தார்கள். ஐகோர்ட்டுப் படியேற வசதியில்லாத குடியானவன் வீட்டில் என்ன நடக்கும்? நினைவு தப்பிய கிழவரின் கட்டைவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் அழுத்துவார்கள்!

அந்தக் கட்டைவிரலை நல்ல புத்தியுள்ளபோதே நீங்களாக வையுங்கள் என்பதுதான் நாம் சொல்லுவது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், நம் சார்பில் பேசவேண்டியவர் யார் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பிரதிநிதியை நியமிக்க முத்திரைத்தாள் வேண்டியதில்லை. வெறும் வெள்ளைத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போதும். அவர் ஆண்பிள்ளையாகவோ, பங்காளியாகவோ, சொந்த ஜாதியாகவோ இருக்கவேண்டியதில்லை. மனைவியைப் போடுங்கள், மகளைப் போடுங்கள், நம்பிக்கையான தோழரைப் போடுங்கள். "இப்போதே பிள்ளைகள் அதிகாரம் செய்வார்களே" என்று பயப்படவேண்டாம். உங்களுக்குத் தீர்மானிக்கும் சக்தி உள்ளவரை அந்த எழுத்து அமுலுக்கு வராது. மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம்.

ஆனால் இது வைத்தியத்திற்கு மட்டுமே உதவும், சொத்துக்கு உதவாது. 1987-ம் வருஷத்துச் சட்டத்தில் மனநோயாளியின் சொத்துக்கு ஜில்லா கோர்ட்டு மூலம் ஏற்பாடு இருந்தது. புதிய சட்டம் அதை விட்டுவிட்டது. ஆகவே, வசதியுள்ளவர்கள் வக்கீலைக் கலந்து, நம்பிக்கையானவர்கள் வசம் டிரஸ்டுப் பத்திரம் எழுதிவைப்பது நலம். இங்கிலாந்தில் 2005-ம் வருஷத்துச் சட்டப்படி, சித்தசுவாதீனம் போன பிறகும் செல்லுபடியாகும் பவர் எழுதலாம். அப்படி ஒரு சட்டம் இங்கும் வேண்டுமென்று கூட்டந்தோறும் தீர்மானம் போட்டுச் சர்க்காருக்கு அனுப்பவேண்டும்.

தோழர்களே! மகள் கலியாணத்துக்கு நாள் பார்க்கிறீர்கள். வீடு கட்ட வாஸ்து பார்க்கிறீர்கள். அதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மணியை இதற்குக் கொடுங்கள். நாம் சொல்லுவதை அப்படியே நம்பவும் வேண்டாம். சட்டத்தை விசாரித்து, வீட்டாரோடு கலந்து யோசித்து, சரியென்று பட்டால் எழுதி வையுங்கள். சுயபுத்தி இருக்கும்போது அதை உபயோகிக்காதவன், அது போன பிறகு பிறரைக் குறை சொல்லக்கூட முடியாதல்லவா?