தாதியருக்குக் கற்பிப்பவர்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் பழைய மாணவிகளில் தாதியர், மருத்துவமாதர், வைத்தியர் எனப் பலர் உள்ளனர். அவர்களிற் சிலர் இன்று தம் துறையில் கற்பிப்பவர்களாகவும் இருக்கிறார்கள். நன்றாக வேலை செய்பவர் நன்றாகக் கற்பிப்பார் என்று பொதுவாக எண்ணிவிடுகிறோம். அப்படியல்ல. இருபது வருடம் ஊசி போட்டவரின் கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. ஏன் இந்த இடத்தில், ஏன் இந்தச் சரிவில் என்று மாணவி கேட்டால், "பார்த்துப் பழகு" என்பதே பதிலாகிறது.

பீற்றன் என்ற பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் 1998இல் வெளியிட்ட முறை எளியது. ஆசிரியர் முதலில் பேசாமல் வழமையான வேகத்தில் செய்து காட்டுவார். அடுத்து, ஒவ்வொரு படியையும் விளக்கிச் செய்வார். மூன்றாவதாக மாணவி சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். அதன் பிறகே மாணவியின் கை வேலையைத் தொடும். அந்த மூன்றாவது படியைத்தான் நேரமில்லை என்று நாம் விட்டுவிடுகிறோம். மாணவியின் மனதிலுள்ள பிழை நோயாளியின் உடலுக்குப் போகுமுன் பிடிபடும் இடம் அதுதான்.

கட்டிலருகே மாணவியை ஏசுவதையும் விட வேண்டும். ஏச்சு வாங்கியவள் அடுத்த முறை சந்தேகம் கேட்கமாட்டாள். அருகில் படுத்திருக்கும் நோயாளிக்கும் அவள் கையில் நம்பிக்கை போய்விடும். (நம் காலத்து ஆசிரியைகளிடம் வாங்கிய ஏச்சு வேறு; அது வகுப்பறையோடு முடிந்தது!)

இனி மொழி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் கற்று, 1864 முதல் மானிப்பாயில் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தார். ஆங்கிலத்தில் படித்தவர் உத்தியோகம் தேடிப் போய்விடுவர், தமிழில் படித்தவர் ஊரில் தங்குவர் என்பது அவர் கணிப்பு. பாடநூல் இல்லாதபோது, 'இரண வைத்தியம்' போன்ற நூல்களை மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கினார். ஒரு ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய தகைமை எனக்குத் தெரியவில்லை.

இன்று தாதியர் பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். கொழும்பு விடுதிக் கட்டிலில் இருப்பவர் அந்த ஆங்கிலத்தில் நோவைச் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்துக் கர்ப்பிணி "நாரி உளையுது" என்பார். மலையகத்துப் பெண் "இடுப்பு கடுக்குது" என்பார். இரண்டும் பிரசவ வலியின் தொடக்கமாக இருக்கலாம். "களைக்குது" என்றால் அது வெறும் சோர்வா, மூச்சு வாங்குவதா? "அந்தரமாய் இருக்கு" என்றால் எதைக் கேட்டு அறிவது? இவற்றை எந்தப் பாடநூலிலிருந்து மாணவி படிப்பாள்? கற்பிப்பவர் இந்தச் சொற்களை அறிந்திருக்க வேண்டும். சிங்களத்தில் இவற்றுக்கு இணையானவற்றையும்தான்.

நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற மருத்துவமாதரும் தாதியரும் இருக்கிறார்கள். அவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடி, நோயாளர் வாயில் கேட்ட சொற்களை மூன்று மொழியிலும் எழுதித் தந்தால், அதைச் சிறு கைந்நூலாக்கிப் பயிற்சி மாணவிகளுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். விரும்புவோர் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் தாருங்கள்.