ஊராட்சி மன்றமும் நம் கல்வியும்

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஊராட்சியைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணலாம். நாம் கற்ற எழுத்தும் எண்ணும் முதற்கண் பயன்பட வேண்டிய இடம் நம் ஊராட்சி மன்றமே என்பது நம் கருத்து.

மதுரைச் சமவெளியின் அமைப்பை முதலில் நோக்குவோம். 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபின், மலைக்கு அப்பாலிருந்து திருப்பப்பட்ட நீர் வையையின் வழியே வந்து, கிழக்கே மேலூர் வட்டாரத்தை நெல் விளையும் பூமியாக்கியது. மேற்கே உசிலம்பட்டிப் பகுதியோ பெரிதும் மழையையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பி நிற்பது. இம்மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்களும் 420 கிராம ஊராட்சிகளும் உள்ளன. வரைபடத்தில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. அக்கோட்டிற்குள்ளே ஊர் என்றும் சேரி என்றும் மற்றொரு கோடு கிடப்பதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

நிலத்தை அளந்து கோடிடுவதனால் மட்டும் சமத்துவம் பிறந்துவிடாது. அமெரிக்காவில் 1785ஆம் ஆண்டுச் சட்டம், பக்கத்திற்கு ஆறு மைல் கொண்ட சதுரங்களாக நிலத்தைப் பிரித்து, அவற்றை 36 பகுதிகளாக்கி, 16ஆம் பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கியது. பள்ளிக்கு இடம் வைத்தது பாராட்டத்தக்கதே. ஆயினும் அந்நிலத்தின் பழங்குடி மக்களுக்கு அச்சதுரங்களில் இடம் வைக்கப்படவில்லை.

நம் நாட்டில் 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தாழ்த்தப்பட்டோருக்குத் தலைவர் பதவிகளை ஒதுக்கின. அவ்வொதுக்கீட்டிற்கு நம் மாவட்டம் கொடுத்த விலை பெரிது. மேலூர் வட்டத்து மேலவளவில் 1996ஆம் ஆண்டு மனுச் செய்தவர்கள் அச்சுறுத்தப்பட்டு விலகினர். பின்னர் நடந்த வாக்குப்பதிவும் குலைக்கப்பட்டது. அனைத்தையும் தாண்டித் தலைவரான முருகேசன், 1997 சூன் 30ஆம் நாள், பேருந்தில் திரும்பும் வழியில் மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலோ 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் நாற்காலி நிலைகொள்ளவில்லை. மனுச் செய்ய எவரும் துணியார். துணிந்து வென்றவரும் உடனே விலகிவிடுவார். 2006ஆம் ஆண்டிலேதான் அங்கெல்லாம் தேர்தல் முறையாக நடந்து, தலைவர்கள் பொறுப்பேற்றனர்.

அன்பர்களே! நாற்காலி கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ணற்க. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும் என்பது சட்டம். தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. துணைத்தலைவர் பதவி ஒதுக்கப்படவில்லை. ஒரு கையொப்பம் தடைப்பட்டால் குடிநீர்க் குழாய் நிற்கும், தெருவிளக்கு நிற்கும், சுடுகாட்டுப் பாதையும் நிற்கும். படிக்கத் தெரியாத தலைவரைச் சுற்றிப் பதிவேடுகளே வேலியாகிவிடும்.

இதற்கு மருந்து கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும், 2022ஆம் ஆண்டு முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் அது கூடவேண்டும். வரவு செலவுக் கணக்கை அங்கே கேட்பது சலுகையன்று, உரிமை.

ஆகவே, இக்கழகத்தில் பயின்ற இளைஞர்களிடமும் மங்கையரிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. பணி தேடி வெளியூர் செல்லுங்கள். ஆனால் கிராம சபை கூடும் நாளில் ஊரில் இருங்கள். நம் பெற்றோருக்கு அருகே அமர்ந்து, தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுதப்பட்டது இன்னதென்று அறிந்த பின்னரே அவர்கள் கையொப்பமிடட்டும். அந்தப் பதவிக்காக உயிர் ஈந்தோருக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே.