அயலகத்தில் ஒரு விளையாட்டு நாள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

நம் மஹல்லாவிலிருந்து மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றுள்ள பிள்ளைகளில் சிலர், விடுமுறை நாள்களில் அங்குள்ள தொண்டுக் குழுக்களோடு சேர்ந்து பணியாற்றி வருகின்றனர். ஊருக்கு வரும்போது அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், உணவுப் பொட்டலம் கொடுப்பது நன்மை என்று தெரியும். ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு நாள் விளையாட வைப்பதிலும் நன்மை உண்டா?" இளைஞர்களுக்காகப் பேசுமாறு நிர்வாகிகள் பணித்ததால், அக்கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

நன்மை உண்டு. பெருநாள் தினத்தில் ஹபஷிகள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டி விளையாடியதையும், நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் தோளுக்குப் பின்னே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை நிறுத்தி, அவர்களுக்குப் போதும் என்றாகும் வரை பார்க்கச் செய்ததையும் நாம் ஓதியிருக்கிறோம். எனவே விளையாட்டு கூடுமா என்பதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. எப்படி நடத்துவது என்பதில்தான் நாம் கவனம் வைக்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு ரமலானில் தராவீஹ் தொழவைக்கப் பினாங்கு மாநிலத்திற்குச் சென்றிருந்தேன். பெருநாள் கழிந்து ஷவ்வாலில், பட்டர்வொர்த்துக்கு அருகே ரோஹிங்கியாப் பிள்ளைகள் பயிலும் சிறு கல்விக்கூடம் ஒன்றில் நம் தமிழ் முஸ்லிம் இளைஞர்கள் ஒரு விளையாட்டு நாளை ஏற்பாடு செய்தனர். நானும் கூட இருந்தேன்.

ரோஹிங்கியா மக்களின் நிலையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். மியான்மரின் 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்காளதேசத்திற்கு ஓடினர். மலேசியாவில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு பெற்றவர்களே ஒரு லட்சத்துக்கு மேல். ஆனால் மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு அன்று. அதனால் அப்பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. கடைமாடியிலும் வாடகை வீட்டிலும் நடக்கும் சமூகக் கல்விக்கூடங்களே அவர்களுக்குப் பள்ளி. அங்கே விளையாட்டுத் திடலுக்கு எங்கே போவது?

இளைஞர்கள் முதலில் போட்ட திட்டம் பெரியது. பேருந்து பிடித்துப் பெரிய அரங்கிற்கு அழைத்துச் செல்வது, பெயர் பொறித்த சட்டை, மேடை, பதாகை. கல்விக்கூடத்து உஸ்தாது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தகப்பன்மார்கள் அனுப்ப மாட்டார்கள்" என்றார். காரணம், வழியில் யாரேனும் நிறுத்தி ஆவணம் கேட்டால் யார் பதில் சொல்வது என்ற அச்சம். சில பிள்ளைகளிடம் ஐ.நா. அட்டை இருந்தது. சிலரிடம் அதுவும் இல்லை. நமக்கு ஒரு பேருந்துப் பயணம். அவர்களுக்கு அன்று மாலை மகன் வீடு திரும்புவானா என்ற கவலை. ஆகவே, நடந்து செல்லும் தூரத்தில் இருந்த ஒரு சூராவின், அதாவது சிறு தொழுமிடத்தின், திடலை அதன் நிர்வாகத்தாரிடம் கேட்டுப் பெற்றனர். தகப்பன்மார்களே வந்து விட்டுச் சென்று, அவர்களே அழைத்துப் போனார்கள். திட்டத்தில் பாதி இவ்விதம் சுருங்கியது. சுருங்கியதால்தான் பிள்ளைகள் வந்தனர்.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே ளுஹர் நேரம் நுழைவதே பகல் ஒரு மணிக்குப் பிறகு. பதினொரு மணிக்கு மேல் திடலில் நிற்க முடியாது. பிற்பகலில் இடிமழை வந்துவிடக்கூடும். எனவே காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடித்து, உணவருந்தி, ளுஹர் ஜமாஅத்தோடு கலைவதென முடிவாயிற்று. தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், பனிக்கட்டி, முதலுதவிப் பெட்டி ஆகியவை திடலின் இரு முனைகளிலும் வைக்கப்பட்டன. காற்சட்டை முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. அவ்ரத்து பற்றிய இவ்விஷயத்தில் நம் ஊர் பந்தாட்டக்காரர்களும் சற்றுக் கவனம் செலுத்தினால் நல்லது.

வயதுவாரியாகப் பிரிப்பதில் சிக்கல் எழுந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளிடம் வயதை எப்படிக் கேட்பது? பன்னிரண்டு வயது என்பவன் ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது. உஸ்தாது சுவரில் கோடு போட்டு உயரத்தை அளந்து மூன்று பிரிவாக்கினார். ஓட்டத்தின் தூரமும் பிரிவுக்கேற்ப மாற்றப்பட்டது. இதற்கு நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தில், பயிற்சியளித்து மெலியவைக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அது ஐந்து அல்லது ஆறு மைல். அவ்வாறு பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல்தான். இப்னு உமர் (ரலி) அவர்கள் அப்பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் ஒருவர். குதிரையிடத்திலேயே இந்த நீதம் பேணப்பட்டதென்றால், பசியோடு வளர்ந்த பிள்ளையையும் வயிறார உண்டு வளர்ந்த பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தலாமா?

பெரிய பெண்பிள்ளைகளுக்குக் கல்விக்கூடத்தின் உள்ளேயே, பெண் தொண்டர்களின் பொறுப்பில் தனியாக ஏற்பாடாயிற்று. கயிறு தாண்டுதல், பந்து எறிதல் முதலியன. பெண்களுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்டவர் ஒருவரும் இருந்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதன்முறை அன்னையே வென்றதும் அவருக்கு நினைவூட்டப்பட்டது.

பரிசு விஷயத்திற்கு வருகிறேன். இதை ஜமாஅத்தார்கள் அனைவரும் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் அணியும் சிறு தொகை கட்டட்டும், சேர்ந்த தொகையை வென்ற அணிக்குக் கொடுக்கலாம் என்று ஓர் இளைஞர் ஆலோசனை கூறினார். பந்தயம் கட்டும் இரு தரப்பாரும் பணம் போட்டு, வென்றவர் அதை எடுத்துக்கொள்வது சூதாட்டமாகும். விளையாடாத மூன்றாமவர் பரிசளித்தால் அந்தக் குற்றம் நீங்கிவிடுகிறது. அங்கே ஒரு வியாபாரி பந்துகளும் வலைகளும் வாங்கித் தந்தார். பரிசு யாருடைய கைக்கும் போகாமல் கல்விக்கூடத்திற்கே சேர்ந்தது. நம் வட்டாரத்தில் நடக்கும் கிரிக்கெட், கைப்பந்துப் போட்டிகளில் நுழைவுக் கட்டணமாக வாங்கிய பணமே முதற்பரிசாக மாறுவதை நாம் பார்த்து வருகிறோம். பந்துக்கும் திடலுக்கும் கட்டணம் வாங்குங்கள், தடையில்லை. பரிசுத் தொகை வேறு பையிலிருந்து வரட்டும். இரண்டையும் இந்த ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கத்தில் தனித்தனியாகக் காட்டுமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

படம் எடுப்பது குறித்தும் பேச்சு வந்தது. பிள்ளைகளின் முகம் தெரியும்படி ஒரு படமும் எடுப்பதில்லை என்று உஸ்தாது நிபந்தனை போட்டார். பெயர்ப்பட்டியலும் அவரிடமே இருந்தது. ஒளிந்து வாழும் குடும்பங்களின் முகவரியை நம் கைப்பேசிகளில் சுமப்பது நமக்குப் பெருமை, அவர்களுக்கு ஆபத்து. இலவச அரிசிப் பையைப் பெறும் மூதாட்டியை நிமிரச் சொல்லிப் படம் பிடிக்கும் வழக்கம் எங்கெல்லாம் உண்டு என்று நான் கூற வேண்டியதில்லை.

ஆட்டத்தின் நடுவே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கால்பந்தில் ஒரு தொண்டர் தமக்குப் பழக்கமான பையன்கள் இருந்த அணியைப் பெயர் சொல்லிக் கூவி உற்சாகப்படுத்தினார். எதிரணிப் பிள்ளைகளின் ஓட்டம் தளர்ந்தது. இலக்குக் காவலன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். எனக்கு ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அஸ்லம் கூட்டத்தார் அம்பெய்து போட்டியிட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பிரிவாரோடு தாம் இருப்பதாகக் கூற, மற்றப் பிரிவார் எய்வதை நிறுத்திக்கொண்டனர். தாங்கள் அவர்களோடு இருக்க நாங்கள் எவ்வாறு எய்வோம் என்பது அவர்கள் கூறிய காரணம். உடனே, தாம் எல்லாரோடும் இருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்து எய்யச் சொன்னார்கள். தொண்டரை அழைத்து இதைச் சொன்னேன். மறுபாதியில் அவர் எதிரணியின் இலக்கின் பின்னால் போய் நின்று அவர்களுக்காகக் கூவினார். காவலன் கையை அவிழ்த்தான்.

இறுதியில், திட்டத்தில் இல்லாத ஒன்று நிகழ்ந்தது. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த தகப்பன்மார்களில் ஒருவர் பிரம்புப் பந்து ஒன்றை எடுத்து வந்திருந்தார். மலேசியர்கள் அதை வலைக்கு மேலே உதைத்து, அணிக்கு மூவராக ஆடுவர். செபக் தக்ராவ் என்பர். மியான்மரில் சின்லோன் என்ற ஆட்டம் உண்டு. அறுவர் வட்டமாக நின்று, பந்து தரையில் விழாமல் காலாலும் முழங்காலாலும் தட்டிக்கொண்டேயிருப்பர். அதில் எதிரணி கிடையாது, தோற்பவனும் கிடையாது. தகப்பன்மார்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வட்டத்தில் நின்றனர். மலேசியாவிலேயே பிறந்த பிள்ளைகள் தம் தகப்பனார் இப்படி ஆடுவார் என்பதை அன்றுதான் கண்டனர். தொண்டர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்நாளில் அவர்கள் செய்த சிறந்த பணி அதுவே என்பது என் கருத்து.

நான் ஊர் திரும்பிய பின், துல்ஹஜ் மாதத்தில் உஸ்தாது தொலைபேசியில் பேசினார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பெரிய பையன்களே சூரா நிர்வாகத்தாரிடம் சென்று திடலைக் கேட்டு, சிறுவர்களை உயரப்படி பிரித்து, தாங்களே நடுவராக நின்று ஆட்டம் நடத்தியிருக்கிறார்கள். தொண்டர் குழுவுக்கு அழைப்புக்கூட இல்லையாம். சென்ற முறை மிஞ்சிய சுண்ணாம்புத் தூளிலேயே கோடு போட்டார்களாம்.

வஸ்ஸலாம்.