பெயருடன் வரையப்பட்ட முகங்கள்

(ஏற்காட்டில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். படிப்பு, பட்டம், பணி என்னும் மூன்றையும் பற்றி அறிஞர் பலர் பேசிவிட்டனர். ஆகவே, ஓவியத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். இது பொழுதுபோக்குச் செய்தியன்று என்பது முடிவில் விளங்கும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், இம்மலையிலுள்ள பள்ளி ஒன்றில் பணியாற்றியபோது, காப்பித் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வந்த மாணவன் ஒருவன், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் அடுப்புக்கரியால் ஒரு பெண்ணை வரைந்தான். தலையில் சாக்குக் கொங்காணி, இடுப்பில் பழக்கூடை. படத்தின் கீழே தன் தாயின் பெயரை எழுதியிருந்தான். ஆசிரியர்களாகிய நாங்கள் செய்தது என்ன? ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்து, அவனைக் கொண்டே அதனை அழிக்கச் செய்தோம். மறு ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. வறுமையும் அதற்குக் காரணமாயிருக்கலாம். ஆயினும், அச்சுவரை நினைக்கும்தோறும் நெஞ்சு உறுத்துகிறது.

அவன் செய்ததையே, அவன் பிறப்பதற்கு முன்பு வங்காளத்தில் ஒருவர் செய்திருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர் பெயர் சித்தப்பிரசாத். 1915-ஆம் ஆண்டு பிறந்தவர். பட்டாச்சார்யா என்னும் சாதிப் பெயரைத் தம் பெயரிலிருந்து தாமே களைந்தவர். ஓவியக் கல்லூரிப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

1943-இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் பிடித்தது. மாண்டோர் 20 லட்சம் முதல் 30 லட்சம் வரை இருப்பர் என மதிப்பிடுவர். அவ்வாண்டு நவம்பரில் சித்தப்பிரசாத் மேதினிப்பூர் மாவட்டத்து ஊர்களில் சுற்றினார். கையில் இருந்தவை தாளும் மையுமே. எலும்பும் தோலுமாகக் கிடந்த உழவரையும் கைம்பெண்களையும் குழந்தைகளையும் வரைந்தார். அவர்களுள் பலருடைய பெயரையும் ஊரையும் கேட்டறிந்து குறித்துக்கொண்டார். இலட்சங்களில் ஒன்றாகப் போகவிருந்தவர்களை, பெயருடைய மனிதர்களாக நிறுத்தினார். ‘பசித்த வங்காளம்’ என்று பொருள்படும் தலைப்பில் அப்படங்கள் நூலாக வெளிவந்தன. ஆங்கில அரசு அதனைப் பறிமுதல் செய்து, 5,000 படிகளை அழித்தது. அவர் குடும்பத்தாரிடம் ஒரு படி தப்பிப் பிழைத்தது. அதிலிருந்து 2011-இல் நூல் மீண்டும் அச்சேறியது.

1946 முதல் அவர் பம்பாயில் வாழ்ந்தார். எண்ணெய் வண்ணமும் பெரிய துணித்திரையும் விலை மிகுந்தவை. அவர் பெரிதும் நாடியதோ, தரையில் விரிக்கும் லினோலியத் துண்டு. வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களை உளியால் செதுக்கி நீக்கிவிட்டு, எஞ்சிய மேட்டில் மை தடவித் தாளை அழுத்தினால் படம் பதியும். ஒரே அச்சிலிருந்து பல படிகள் எடுக்கலாம். ஏழையும் ஒன்றை வாங்கலாம். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் உழைக்கச் செல்லும் சிறார்களை அவ்வாறு செதுக்கினார். 1978-இல் மறையும் வரை எளிய வாழ்வே வாழ்ந்தார்.

இத்தகையோர் பிற நாடுகளிலும் உண்டு. மெக்சிகோ நாட்டில் 1852-இல் பிறந்த ஹொசே குவாதலூப்பே பொசாதா, தெருவில் சில்லறைக் காசுக்கு விற்கும் செய்தித்தாள்களுக்கும் பாட்டுத்தாள்களுக்கும் படம் செதுக்கிப் பிழைத்தவர். பெருமிதத் தொப்பி அணிந்த எலும்புக்கூட்டை வரைந்து, பகட்டு வாழ்வைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தார். 1913-இல் வறுமையில் இறந்தார். பின்னர், 1947-இல் தியேகோ ரிவேரா என்னும் பேரோவியர், மெக்சிகோ நகரத்து விடுதிச் சுவரில் தாம் தீட்டிய மாபெரும் ஓவியத்தில் பொசாதாவுக்கு நடுவிடம் தந்தார். அங்கே சுவர் ஓர் ஏழைக் கலைஞனை ஏற்றுக்கொண்டது. இங்கே சுவரை நாங்கள் கழுவினோம்.

மற்றொருவரையும் சொல்ல வேண்டும். சித்தப்பிரசாத் நம்மீது பரிவு கொண்டு வெளியிலிருந்து வந்தவர். நாக்பூரில் 1961-இல் பிறந்த சவி சாவர்க்கரோ நம்முள்ளிருந்தே எழுந்தவர். எச்சில் மண்ணில் விழாதபடி கழுத்தில் கலயமும், அடிச்சுவட்டை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்க வைக்கப்பட்ட நம் முன்னோரை அவர் வரைந்தார். அவமானத்தை மறைக்கவில்லை, அதைச் செய்தவர் நாணுமாறு காட்டினார்.

இனி நம் மலைக்கு வருவோம். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று நூல்கள் கூறுகின்றன. அவர் பெயர் நிற்கிறது. குழி வெட்டியவர் யார்? மூட்டை சுமந்தவர் யார்? அட்டைக் கடிக்கு நடுவே பழம் பறித்த தாய் யார்? அவர்களுக்குப் படமும் இல்லை, பெயரும் இல்லை. ஒருவன் ஒரு தாயின் பெயரை எழுதினான், அதனையும் அழித்தோம்.

இளைஞர்களே! ஓவியம் கற்றால் வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். உறுதி கூற இயலாது. பாடநூலை விட்டுவிடுங்கள் என்றும் கூறவில்லை. ஆனால், நம் முகத்தைப் பிறர் வரைந்து தரும் வரை காத்திருக்கும் சமுதாயம், பிறர் வரைந்த விதமாகவே தன்னைக் காணும்.

எனவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தின் ஒரு சுவரைப் பிள்ளைகளுக்கென விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரை வரைந்து, பெயர், ஊர், செய்த தொழில் மூன்றையும் கீழே எழுதட்டும். கோடு கோணலாயினும் குற்றமில்லை. பென்சில் இல்லையேல் அடுப்புக்கரி போதும்.

அச்சுவரின் அருகில் தண்ணீர் வாளியுடன் எவரேனும் வந்தால், அவர் தலைமையாசிரியரே ஆயினும், தடுத்து நிறுத்துங்கள்.