பாட்டி மெதுவாகப் பாடிய பாட்டு
(மாயாபந்தர் உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

மாயாபந்தரில் நம்மவர் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே மைக் வேண்டாம், திண்ணைப் பேச்சாகவே பேசுகிறேன்.

நவம்பர் 13, தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்த நாள். 1922-ல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் உள்ள அவர் சமாதிக்கு நாடகக் கலைஞர்கள் இன்றும் வந்து அஞ்சலி செய்கிறார்கள். அவர்களுக்கு அவரே குரு. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று வசனமும் பாட்டுமாக எழுதிக் குவித்தவர். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தாராம்! கடைசியில் வாதநோய் தாக்கிப் பேச்சே போயிற்று. எத்தனையோ பிள்ளைகளைப் பாட வைத்தவருக்கு அப்படி ஒரு முடிவு. நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

என் பாட்டிக்கு வள்ளி பாட்டுகள் தலைகீழ்ப் பாடம். ஆனால் தாத்தா வெளியே கிளம்பிய பிறகு, அடுக்களையில்தான் பாடுவாள். கூத்தாடிப் பாட்டு நம் ஆத்துக்கு ஆகாதாம். செங்கோட்டை கிட்டப்பா நம்மவர்தானே என்று பாட்டி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "உரக்கப் பாடேன் பாட்டி" என்று நானும் ஒரு நாள் சொன்னதில்லை. நான் கப்பலேறி இங்கே வந்த மறு வருஷம் தந்தி வந்தது.

ஒரு பாட்டின் மெட்டு எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. ஹார்மோனியம் கொண்டுவந்திருக்கிறேன். வாசிக்கிறேன், மீதி தெரிந்த மாமிகள் யாராவது பாட வேண்டும். உரக்கவே பாடலாம்.